அனுப்பத் தகாத தூக்கம்

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் ஆர்லின் கேட்ட முதல் கேள்வி, "ஆறு எங்க போச்சு?"

மாட்டைக் கேட்கிறான் என்று நினைத்தேன். எங்கள் மாடுகளுக்குக் காதில் எண் உண்டு. ஆறாம் எண் மாடு அந்த வாரம் கன்று போட வேண்டியது.

"தொழுவத்துலதான் நிக்குது. இன்னும் கன்னு போடல."

"மாடு இல்ல, மேவிஸ். மயக்க மருந்து குடுத்தானே, அவன் பத்துலேந்து கீழ எண்ணச் சொன்னான். பத்து, ஒம்போது, எட்டு, ஏழு வரைக்கும் சொன்னேன். ஆறு சொல்லவே இல்ல. கண்ண தொறந்தா இங்க இருக்கேன்."

"அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்க."

"அது தூக்கம் இல்ல," என்றான். உதடு வறண்டிருந்தது. "தூங்கி எழுந்தா நேரம் போயிருக்குன்னு உடம்புக்குத் தெரியும். இது யாரோ கத்தரிச்சு எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு."

மருந்தின் குழப்பம் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்கு விஸ்கான்சினின் மேற்கில், மேட்டின் மேல் பண்ணை. நாற்பத்தாறு கறவை மாடுகள். ஆர்லினின் கீழ்முதுகு பத்து வருடமாகவே தேய்ந்து வந்தது. ஒரு குளிர்காலத்தில் இடது கால் மரத்துப்போய்ப் பால் வாளியோடு விழுந்தான். அதன்பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தான். இரண்டு எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக்கினார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனது நின்றது. வலியும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கெல்சி என்று ஒரு பெண் வந்து பார்த்தாள். முதுகெலும்பு ஆபரேஷனும் மயக்க மருந்தும் தூக்கத்தை என்ன செய்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னாள். பன்னிரண்டு வாரம் ராத்திரியில் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சமையலறையில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி வைத்தால் பட்டை சொல்வதை எல்லாம் அது வாங்கி அனுப்பிவிடும்.

"ஒங்க தாத்தா பால் லாரி ஓட்டினவரா?" என்று ஆர்லின் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துக் கேட்டான்.

"ஆமா! உங்களுக்குத் தெரியுமா அவர?"

"எங்க பண்ணைக் கதவ ரெண்டு தடவ இடிச்சவரு."

அவள் சிரித்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். எங்கள் ஊரில் லாரிக்காரரின் பேத்திக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டபின் முடியாது என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து நான்கு ராத்திரி அவன் பட்டையைக் கட்டிக்கொண்டான். ஐந்தாம் நாள் மாலை அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"கை வீங்கியிருக்கா?" என்றேன்.

"இல்ல. இந்தத் தூக்கம் அனுப்பத் தகுந்தது இல்ல."

"என்ன பேச்சு இது?"

"யோசிச்சுப் பாரு. என் உடம்புல இன்னும் எவ்வளவு மருந்து இருக்கு? மயக்க மருந்து, வலி மருந்து, ஆன்டிபயாடிக். இந்த நெலமைல ஒரு மாடு இருந்தா என்ன பண்ணுவ?"

என்ன செய்வேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊசி போட்ட மாட்டின் காலில் சிவப்பு நாடா கட்டிவிடுவோம். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை அதன் பாலைத் தனியாகக் கறந்து சாக்கடையில் ஊற்றுவோம். மறந்துபோய் ஒரு வாளி தொட்டியில் கலந்தால் தொட்டி முழுக்கக் கெட்டது. லாரியில் ஏறிவிட்டால் அந்த வழியில் உள்ள அத்தனை பண்ணைப் பாலும் கெட்டது. நாற்பத்தோரு வருடத்தில் அந்தத் தப்பை நாங்கள் ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஆர்லினுக்கு உலகத்தில் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"எத்தன பேரோட தூக்கத்த சேத்து வெச்சுப் பாக்கறாங்களோ," என்றான். "என்னோடதப் போய் அதுல ஊத்தணுமா? மருந்து போகட்டும். அப்பறம் கட்டிக்கறேன்."

"அதுவரைக்கும் காலியா இருந்தா அந்தப் பொண்ணு கேப்பாளே."

"நீ கட்டிக்கோ. உன்னோடது நல்ல தூக்கம். மொத்த ஜில்லாவுலயே இவ்வளவு நல்ல தூக்கம் கெடைக்காது."

சிரித்துக்கொண்டே என் கையில் கட்டிவிட்டான். நானும் சிரித்தேன். ஒரு வாரம், பத்து நாள் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

முதல் வாரம் பக்கத்துப் பண்ணை டுவேன் இரண்டு வேளையும் பால் கறந்தார். பிறகு காலைக் கறவையை நான் எடுத்துக்கொண்டேன். நாலேகாலுக்கு எழுந்தால் எட்டரைக்குத்தான் திரும்பி வருவேன். பகலில் கன்றுகள், சாணம், சமையல், அவனைக் குளிக்க வைப்பது. ராத்திரி ஒன்பதரைக்குத் தலையணையில் தலை பட்டதும் என்னைத் தூக்கிப் போட்டாலும் தெரியாது.

ஆர்லின் தூங்கவில்லை. முதலில் வலி என்றான். வலி குறைந்தபிறகு காரணம் சொல்வதை நிறுத்தினான். ஒருநாள் நான் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது கைத்தடியோடு தொழுவத்துக்கு வந்து, மாடுகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"தூக்கம் வருது மேவிஸ். வராம இல்ல. கண்ண மூடினா நல்லா எறங்குது. எறங்கிட்டே இருக்கும்போது அந்த மயக்க மருந்து ரப்பர் மூடிய மூக்குல வெக்கற மாதிரி இருக்கு. இதுக்கப்பறம் ஒண்ணும் இருக்காதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒதறி எழுந்துடறேன்."

"டாக்டர்கிட்ட சொல்லு."

"என்னன்னு? தூங்க பயமா இருக்குன்னா? எனக்கு அறுபத்தேழு வயசு."

வேறு ஒரு நாள், "கட்டில் கால்மாட்டுல ஒருத்தன் நிக்கறான்," என்றான். "பச்ச அங்கி. ஒண்ணும் பண்ண மாட்டான். நான் எண்ணி முடிப்பேன்னு காத்துட்டு நிக்கறான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன். காப்பி இருக்கா?" என்றான்.

தூக்கத்தின் அடியில் எனக்கு அவன் குரல் கேட்பதுண்டு. சமையலறையில் நடந்தபடி எண்ணுவான். பத்து, ஒம்போது, எட்டு, ஏழு. அங்கே நின்றுவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி பத்து. எழுந்து போகவேண்டும் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

மே மாதக் கடைசி வந்தது. மருந்தெல்லாம் நின்று வெகுநாளாயிற்று. பட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

"இப்போ மாத்தினா ரெண்டு தூக்கமும் ஒண்ணு இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்," என்றான். "ஆறு வாரம் அந்தப் பொண்ண ஏமாத்தினோம்னு ஆகும். பாதி முடிஞ்சுபோச்சு, விடு."

கெல்சி மாதம் ஒருமுறை கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். "பரவால்ல. போன வாரத்துக்கு இந்த வாரம் மேல்," என்பேன். எங்கள் மேட்டில் கூரை பறந்துபோனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம்.

டுவேன் மாலைக் கறவைக்கு வருவார். அவனைப் பார்த்து, "ராஜா மாதிரி ஒக்காந்திருக்கியே ஆர்லின். உன்ன பாத்தா எனக்கும் முதுக அறுத்துக்கலாம்னு தோணுது," என்பார்.

"ஒனக்கு முதுகெலும்பே இல்லைன்னு ஒம் பொண்டாட்டி சொல்றா. அவங்க எத அறுப்பாங்க?"

இருவரும் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிச் சிரித்துவிட்டு டுவேன் என்னைப் பால் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டார்.

"மேவிஸ், அவன் கண்ணப் பாத்தியா?"

"கொஞ்சம் தூக்கம் சரியில்ல."

"கொஞ்சமா? நேத்து என்னய அவங்க அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டான். டாக்டருக்குத் தெரியுமா?"

"அடுத்த வாரம் பாக்கப் போறோம். சொல்லிடுவேன்," என்றேன். சொல்லத்தான் நினைத்தேன்.

ஜூலை முதல் வாரம், காலை பத்தரை மணி. வெயில் நன்றாக அடித்தது. இரண்டாம் அறுப்புப் புல் வயலில் நின்றது. வேலைக்கு ஆள் இல்லை. டுவேனுக்கு அவர் வயலே தலைக்குமேல் இருந்தது. ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்த டாக்டர் பிரான்ட் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பு கூடிவிட்டது, திருகாணிகள் நேராக இருந்தன. ஆர்லினைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், குதிகாலால் நடக்கச் சொன்னார்.

"டிராக்டர் ஓட்டலாமா?" என்றான் ஆர்லின்.

"அதத்தான் பாக்கறேன். எலும்பு கூடினா மட்டும் நான் ஓட்டச் சொல்றதில்ல. இந்த ஆபரேஷனுக்கு அப்பறம் மாசக்கணக்குல தூங்காம இருக்கறவங்க நெறைய. அவங்கள வண்டில ஏத்தினா ஆபத்து." கெல்சி அனுப்பிய காகிதத்தை எடுத்தார். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு வரி. மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். "வீட்டுக்குப் போன மொத சில நாள விட்டா ஒங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. ஆறே முக்கா மணி நேரம். இப்படி நான் தூங்கி இருபது வருஷம் ஆச்சு. அதுவும் பாருங்க, தெனமும் நாலேகாலுக்கு டாண்ணு முழிப்பு. பால்காரர்னு காகிதத்துலேயே தெரியுதே!"

அவர் சிரித்தார். ஆர்லின் என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். சொல்லாதே என்று கெஞ்சினான் என்று ஒருநாள் தோன்றும். நீயாவது சொல்லேன் என்று கெஞ்சினான் என்று மறுநாள் தோன்றும். எது என்று தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியில்லை. தெரிந்தது ஒன்றுதான். அவன் டிராக்டரில் ஏறுவது எனக்கும் வேண்டியிருந்தது. நான் களைத்துப் போயிருந்தேன். புல் முற்றிக்கொண்டிருந்தது. காலையில் கழற்ற மறந்த பட்டை சட்டைக் கைக்குள் என் மணிக்கட்டில்தான் இருந்தது. நான் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேற ஏதாவது கேக்கணுமா, மேவிஸ்?" என்றார் டாக்டர்.

"இல்ல," என்றேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் பிற்பகல் இரண்டரைக்கு ஆர்லின் மேட்டு வயலில் புல்லை வரிசையாகக் கூட்டிக்கொண்டிருந்தான். வயலின் கிழக்கு ஓரத்தில் நிலம் சரிந்து ஓடையில் இறங்கும். நாற்பது வருடமாக அவன் திரும்பும் இடம் அது. அன்று டிராக்டர் திரும்பவில்லை. டுவேன் தன் வயலிலிருந்து பார்த்திருக்கிறார். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று என்றார். பிரேக் பிடித்த தடம் இல்லை என்று ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவர் சொன்னார். மாரடைப்பா என்று பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தோம். கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அவனுக்குத் தெரிந்திருக்காது, தூங்கியபடியே போய்விட்டான், கொடுத்து வைத்தவன். நான் நன்றி சொன்னேன். தூங்குவதற்கு அவன் எவ்வளவு பயந்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு நான் தூங்கவில்லை. டுவேனும் அவர் மகனும் இரண்டு வேளைக் கறவையையும் எடுத்துக்கொண்டார்கள். நாலேகாலுக்கு எழ வேண்டிய அவசியம் இல்லை. படுத்துக் கண்ணை மூடினால் இறங்கும். இறங்கும்போதே சமையலறையிலிருந்து எண்ணுவது கேட்கும். பத்து, ஒம்போது, எட்டு. ஏழு என்றதும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அடுத்த எண் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். உதறி எழுந்து உட்காருவேன். அவன் தொழுவத்தில் சொன்னது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் சொன்னபோது நான் தீவனக் கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து கெல்சி கூப்பிட்டாள். அதற்கு முன்பே அனுதாப அட்டை அனுப்பியிருந்தாள்.

"மேவிஸ், இத எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. பெட்டிய இன்னும் எடுக்கலையா?"

"இல்ல."

"அது இன்னும் அனுப்பிட்டு இருக்கு. எங்க மெஷின்ல கடிகாரம் தப்பா ஓடுதுன்னு நெனச்சேன். ஆனா சரியாதான் இருக்கு. ஆர்லின் போனதுக்கு அப்பறமும் தெனமும் ராத்திரி ஒரு வரி வருது. அதுவும் அவர் போன ராத்திரிலேந்து சுத்தமா தூக்கமே இல்லாத வரி. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. யாரோ..."

மணிக்கட்டைப் பார்த்தேன். பழக்கத்தில் கட்டியது கட்டியபடி இருந்தது.

"நான் அங்க வரேன், கெல்சி. போன்ல சொல்ல வேண்டாம்."

அவள் அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு கணினி, ஜன்னல் ஓரத்தில் வாடிய செடி. பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்ட மாட்டைப் பற்றிச் சொன்னபோது லாரிக்காரரின் பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அய்யோ மேவிஸ்," என்றாள். "எங்களுக்கு அந்தப் பாலுதான வேணும்."

மேஜைமேல் இருந்த பட்டையை எடுத்து ஓர் உறைக்குள் போட்டாள்.

"டாக்டர் பிரான்ட்கிட்ட நான் சொல்லியாகணும்," என்றாள்.

"சொல்லு. அவர் காகிதத்தப் படிச்சப்போ நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்னு சேத்துச் சொல்லு. வேற ஏதாவது கேக்கணுமான்னு என்னயத்தான் கேட்டாரு."

அவள் தலையாட்டினாள். "அப்போ இதுல அவரோடது எதுவுமே இல்லையா?"

"மொத நாலு ராத்திரி."

கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். புரண்டால், நடந்தால், கை அசைந்தால் கறுப்புக் கோடு. அசையாமல் தூங்கினால் வெள்ளை. முதல் வரி முழுக்கக் கறுப்பு. இரண்டாவதும் அப்படித்தான். நாலாவதும். காலையில் அவன் "கொஞ்சம் தூங்கினேன்" என்று சொன்ன ராத்திரிகள் அவை.

மூன்றாவது வரியின் நடுவில் ஒரு வெள்ளை இடம் இருந்தது.

"இங்க தூங்கியிருக்காரு," என்றாள் கெல்சி. "ஒண்ணு பத்துலேந்து ரெண்டு அம்பது வரைக்கும். நல்ல ஆழமான தூக்கம். அன்னிக்கு மருந்து ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல."

"வேற ஏதாவது? படுக்கற மொற, சாப்பாடு?"

அந்த ராத்திரி எனக்கு நினைவிருந்தது. டுவேன் கறவையைப் பார்த்துக்கொண்ட வாரம் அது. காலையில் எழ வேண்டியதில்லை என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாட்டு ஏல விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். எந்தப் பண்ணை, எத்தனை மாடு, என்ன விலை. மூன்றாம் பக்கத்தில் அவன் பதில் சொல்வதை நிறுத்தினான். தாள் சத்தத்தில் எழுந்துவிடுவான் என்று தாளைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. பிறகு அவனாகவே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னும் முழிச்சிட்டா இருக்க?" என்றான். "போய்ப் படு" என்றான். அடுத்த ராத்திரியும் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நான் தூங்கிவிட்டேன். அதன்பிறகு கறவை வந்துவிட்டது.

அவன் என்னை இருக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. எனக்கு நாலேகாலுக்கு வேலை இருந்தது அவனுக்குத் தெரியும்.

"ஒண்ணும் பண்ணல," என்றேன். "நான் முழிச்சிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

கெல்சி பேனாவைப் பிடித்தபடி, அந்த வரிகளை அச்சடித்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். "நாலு ராத்திரிய வெச்சு எங்களால எதுவும் சேத்துக்க முடியாது மேவிஸ். ஏழு ராத்திரியாவது இருக்கணும். மொத்தத்தையும் எடுத்துடணும்."

"தெரியும். எடுத்துடு. ஆனா மொதல்ல நான் முழிச்சிட்டு இருந்தேன்னு எழுது."

"இதுல எங்க எழுதறது? அதுக்குக் கட்டம் இல்லையே."

"ஓரத்துல எழுது."

காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு அவள் எழுத ஆரம்பித்தாள். அவள் நிறுத்தியபோதெல்லாம் நான் அடுத்த வரியைச் சொன்னேன்.